அன்று பேட்டரி, இன்று என்ஜின்: நீர்மூழ்கி விஷயத்தில் தாய்லாந்து திரும்பத் திரும்ப மாட்டிக்கொள்வது ஏன்?

ஆர்டர் கொடுத்தாச்சு. பாதிக்கு மேல் பணமும் கட்டியாச்சு. சீனாவின் கப்பல் கட்டும் தளத்தில் நீர்மூழ்கியின் உடல் பாதிக்கு மேல் தயார். ஆனால் உள்ளே வைக்க என்ஜின் இல்லை.

வருஷக்கணக்கில் இப்படியே நின்றுபோயிருந்த விவகாரத்துக்கு 2025 ஆகஸ்ட் 5-ம் தேதி தாய்லாந்து அமைச்சரவை ஒரு முடிவு கட்டியது. ஒப்பந்தத்தில் எழுதியிருந்த ஜெர்மன் என்ஜினுக்குப் பதிலாகச் சீனாவின் சொந்தத் தயாரிப்பையே பொருத்திக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டது. 2017-ல் கையெழுத்தான ஒப்பந்தம் இது. கப்பல் கைக்கு வர 2028 இறுதி ஆகும் என்பதுதான் இப்போதைய கணக்கு.

இதில் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. நீர்மூழ்கியே இல்லாத தாய்லாந்து கடற்படையில், நீர்மூழ்கிப் படைப்பிரிவுக்கென்று 2014-ல் இருந்தே தனித் தலைமையகம் இயங்குகிறது. ஆண்டுதோறும் செப்டம்பர் 4-ம் தேதி 'நீர்மூழ்கி தினம்' வேறு கொண்டாடுகிறார்கள். இல்லாத கப்பலுக்கு எதற்கு விழா?

காரணம், ஒரு காலத்தில் அவர்களிடம் இருந்தது. ஒன்றல்ல, நான்கு. அந்த நான்கும் எப்படி வந்தன, எப்படிப் போயின என்று பார்த்தால், இன்றைய என்ஜின் சிக்கல் புதுசே இல்லை என்பது புரியும்.

சின்ன நாடுகளுக்கு நீர்மூழ்கி மேல் ஏன் இவ்வளவு ஆசை?

1914 செப்டம்பர் 22. தமிழ்நாட்டுக்கு மறக்க முடியாத தேதி. அன்று இரவுதான் ஜெர்மனியின் எம்டன் கப்பல் சென்னை மீது குண்டு வீசியது. (எம்டனை நீர்மூழ்கி என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது கடல் மேல் ஓடும் குரூசர் வகைப் போர்க்கப்பல்.) நிஜமான நீர்மூழ்கி அதே நாள் காலையில் வேறொரு கடலில் வேலையைக் காட்டியது. வட கடலில் யூ-9 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி, பிரிட்டனின் மூன்று பெரிய குரூசர்களை ஒன்றரை மணி நேரத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கடித்தது. செத்தவர்கள் சுமார் 1,450 பேர். மூழ்கடித்த படகில் இருந்தவர்கள் முப்பது பேர்கூட இல்லை.

உலகமே அரண்டுபோனது. சின்ன நாடுகளோ வேறு கணக்குப் போட்டன. பெரிய போர்க்கப்பல் வாங்க நமக்கு வசதி இல்லை, ஆனால் பெரிய கப்பலைப் பயமுறுத்தும் சின்னப் படகு வாங்கலாமே என்ற கணக்கு. வடக்கு ஐரோப்பாவின் குட்டி நாடான எஸ்டோனியா, தன்னிடம் இருந்த இரண்டு போர்க்கப்பல்களைப் பெரு நாட்டுக்கு விற்றது. அந்தப் பணத்தோடு மக்களிடம் திரட்டிய நிதியையும் சேர்த்து, பிரிட்டனில் இரண்டு நீர்மூழ்கி கட்டிக்கொண்டது. அந்த அளவுக்கு ஆசை.

அப்போது சியாம் என்று அழைக்கப்பட்ட தாய்லாந்துக்கு இந்த ஆசை இன்னும் ஆழமாக இருந்தது. பாங்காக் நகரம் சாவ் பிரயா ஆற்றின் மேல் இருக்கிறது. ஆற்று முகத்துவாரத்தைத் தாண்டிவிட்டால் நேராக அரண்மனை வாசல்தான். 1893 ஜூலையில் பிரான்ஸின் இரண்டு பீரங்கிப் படகுகள் முகத்துவாரத்தில் இருக்கும் பாக்நாம் என்ற ஊரில் கோட்டைகளின் குண்டுமழையைத் தாண்டி உள்ளே நுழைந்து, தலைநகருக்கு எதிரிலேயே நங்கூரம் போட்டு நின்றன. விளைவு, மீகாங் ஆற்றுக்குக் கிழக்கே இருந்த நிலத்தை, அதாவது இன்றைய லாவோஸின் பெரும்பகுதியை, பிரான்ஸிடம் விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. இரண்டே இரண்டு படகு. அந்த அவமானத்தைச் சியாம் கடற்படை மறக்கவே இல்லை.

மிட்சுபிஷி கட்டிக்கொடுத்த நான்கு படகுகள்

1932-ல் சியாமில் மன்னரின் முழு அதிகார ஆட்சி முடிவுக்கு வந்து, அரசியல் சட்டத்துக்கு உட்பட்ட ஆட்சி வந்தது. அந்தப் புரட்சியில் தரைப்படை அதிகாரிகளோடு கடற்படை அதிகாரிகளுக்கும் பங்கு உண்டு. பங்கு இருந்தால் பட்ஜெட்டிலும் பங்கு வேண்டுமல்லவா? 1935-ல் கடற்படையை வலுப்படுத்த 1.8 கோடி பாட் ஒதுக்கிச் சட்டம் வந்தது. அந்தப் பட்டியலில் நீர்மூழ்கியும் இருந்தது.

யாரிடம் வாங்குவது? சுற்றிலும் பார்த்தால் மேற்கே பர்மாவும் தெற்கே மலாயாவும் பிரிட்டனிடம், கிழக்கே இந்தோசீனா பிரான்ஸிடம். யாரைப் பார்த்துப் பயமோ அவர்களிடமே ஆயுதம் வாங்க முடியுமா? ஜப்பான் இருந்தது. 1933-ல் மஞ்சூரியா விவகாரத்தில் ஜப்பானுக்கு எதிராக உலக நாடுகள் சங்கத்தில் 42 நாடுகள் வாக்களித்தபோது, வாக்களிக்காமல் ஒதுங்கி நின்ற ஒரே நாடு சியாம். டோக்கியோ அதை நன்றாகவே ஞாபகம் வைத்திருந்தது.

மிட்சுபிஷி நிறுவனம் கோபே நகரில் நான்கு படகுகளைக் கட்டியது. ஒன்றின் விலை 8.2 லட்சம் பாட். நீளம் 51 மீட்டர், எடை சுமார் 370 டன், உள்ளே 33 பேர். பெரிய நாடுகளின் நீர்மூழ்கியோடு ஒப்பிட்டால் குட்டிதான். ஆனால் ஆழம் குறைவான தாய்லாந்து வளைகுடாவுக்குக் குட்டிதான் பொருத்தம். ஓட்டக் கற்றுக்கொள்ள அதிகாரிகளும் மாலுமிகளும் ஜப்பானுக்கே அனுப்பப்பட்டார்கள். முதல் இரண்டு படகுகள் ஒப்படைக்கப்பட்ட நாள் 1937 செப்டம்பர் 4. இன்றைக்கும் அவர்கள் கொண்டாடும் நீர்மூழ்கி தினம் அதுதான்.

வைத்த பெயர்களைக் கேட்டால் நமக்கே சுவாரஸ்யமாக இருக்கும். முதல் படகு 'மச்சானு'. தாய்லாந்தின் ராமாயணமான ராமகியனில் அனுமனுக்கு ஒரு மகன் உண்டு. ராவணனின் மகளான கடல்கன்னி சுவர்ணமச்சாவுக்கும் அனுமனுக்கும் பிறந்தவன், பாதி குரங்கு, பாதி மீன். கம்பராமாயணத்தில் அனுமன் பிரம்மச்சாரி, தாய்லாந்தில் கதையே வேறு! இரண்டாவது படகு 'விருன்', அதே ராமகியனில் கடல் நுரைக்குள் போய் ஒளிந்துகொள்ளும் அரக்கன். மூன்றாவது 'சின்சமுத்', நான்காவது 'பிளாய் சும்போன்', இருவரும் வேறு தாய் காவியங்களின் நாயகர்கள். தண்ணீருக்குள் ஒளிந்திருந்து தாக்கும் கப்பலுக்கு நுரைக்குள் ஒளிந்தவனின் பெயர். தேர்ந்தெடுத்தவருக்கு ரசனை இருந்திருக்கிறது.

1938 ஜூன் 5-ம் தேதி கோபேயிலிருந்து கிளம்பிய நான்கும் ஜூன் 29-ம் தேதி சியாம் வந்து சேர்ந்தன. இந்த ஜூன் 29 என்ற தேதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

போரில் என்ன செய்தன?

நேர்மையாகச் சொன்னால், பெரிதாக ஒன்றுமில்லை.

இந்தோசீனாவை வைத்திருந்த பிரான்ஸோடு 1940 இறுதியில் மோதல் தொடங்கியது. 1941 ஜனவரி 17-ம் தேதி கோ சாங் தீவு அருகே பிரெஞ்சுக் கப்பற்படை நடத்திய அதிகாலைத் தாக்குதலில் 'தோன்புரி' என்ற போர்க்கப்பலும் இரண்டு டார்பிடோ படகுகளும் பறிபோயின. நீர்மூழ்கிகள் அந்தச் சண்டையில் இல்லை. அதற்குப் பிறகு நான்கும் இந்தோசீனாவின் ரீம் கடற்படைத் தளத்துக்கு எதிரே ரோந்து போயின. தண்ணீருக்கு அடியிலேயே மணிக்கணக்கில் காத்திருந்தன. மூழ்கடித்த கப்பல் எதுவும் கணக்கில் இல்லை.

அதனால் வீண் செலவு என்று சொல்லிவிடவும் முடியாது. நீர்மூழ்கி இருக்கிறது என்ற தகவலே எதிரியை யோசிக்க வைக்கும். அந்தக் கடலில் எங்கே இருக்கிறது என்று தெரியாத நான்கு படகுகள் இருக்கும்போது, 1893-ல் நுழைந்த மாதிரி ஆற்றுக்குள் நுழைய யாருக்கும் துணிச்சல் வராது. ஆனால் இந்த மாதிரிப் பலனை ரசீது போட்டுக் காட்ட முடியாது என்பதுதான் நீர்மூழ்கி வாங்கும் எல்லா அரசுகளுக்கும் இருக்கும் தலைவலி.

அவற்றின் மறக்க முடியாத வேலை போர்க்களத்தில் நடக்கவே இல்லை. 1945 ஏப்ரலில் நேச நாட்டு விமானங்கள் பாங்காக்கின் இரண்டு மின்நிலையங்களையும் தகர்த்தன. நகரமே இருட்டில். டிராம் வண்டிகள் நின்ற இடத்திலேயே நின்றன. அப்போது மச்சானுவும் விருனும் கரையோரம் கட்டப்பட்டு, அவற்றின் உள்ளே இருந்த ஜெனரேட்டர்களிலிருந்து டிராம் தடத்துக்கு மின்சாரம் கொடுத்தன. எதிரிக் கப்பலைத் தாக்க வாங்கிய படகு, பாங்காக் மக்களை வேலைக்கு அனுப்பி வைத்தது.

பேட்டரிதான் உயிர்

இந்த டிராம் கதையிலேயே நீர்மூழ்கி எப்படி வேலை செய்கிறது என்பதும் அடங்கியிருக்கிறது. அக்காலத்து நீர்மூழ்கியில் இரண்டு வகை ஓட்டம். தண்ணீருக்கு மேலே இருக்கும்போது டீசல் என்ஜின். ஆனால் டீசல் எரியக் காற்று வேண்டும். முங்கிவிட்டால் காற்று கிடையாது. அதனால் கீழே போனதும் டீசலை நிறுத்திவிட்டு, பேட்டரியில் சேமித்த மின்சாரத்தை வைத்து மோட்டாரை ஓட்ட வேண்டும். பேட்டரி தீர்ந்தால் மேலே வந்து, மறுபடி டீசலை ஓட்டி சார்ஜ் ஏற்ற வேண்டும்.

வீட்டில் இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களுக்கு மிச்சத்தைச் சொல்லவே வேண்டாம். புதுசில் நாலு மணி நேரம் தாங்கும் பேட்டரி, சில வருஷம் போனால் அரை மணி நேரத்தில் கத்த ஆரம்பிக்கும். அது ஈய-அமில பேட்டரியின் இயல்பு. நீர்மூழ்கியில் இருந்ததும் அதே வகைதான், ஆனால் ஒவ்வொரு செல்லும் பெரியது, எண்ணிக்கையும் ஏராளம். குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை மொத்தமாக மாற்றியே ஆக வேண்டும். மாற்றாவிட்டால் அது முங்கத் தெரிந்த கப்பல் இல்லை, மெதுவாகப் போகும் சாதாரணப் படகு.

1945 ஆகஸ்ட்டில் ஜப்பான் சரணடைந்தது. அமெரிக்க ஆக்கிரமிப்பின் கீழ் அங்கே ஆயுத உற்பத்தி அடியோடு நின்றது. மிட்சுபிஷியிடம் இருந்து பேட்டரியும் வராது, உதிரி பாகமும் வராது. அந்தத் தரத்தில் சொந்தமாகத் தயாரிக்கத் தாய்லாந்துக்கு வசதி இல்லை. கப்பல் இருந்தது, பயிற்சி பெற்ற ஆட்கள் இருந்தார்கள், டார்பிடோ இருந்தது. முங்க முடியவில்லை.

விற்ற நாடு தோற்றால் வாங்கிய நாடும் மாட்டிக்கொள்ளும். விற்ற நாடு மனம் மாறினாலும் அதே கதிதான். இத்தாலியில் இரண்டு குரூசர்களுக்கு தாய்லாந்து ஆர்டர் கொடுத்திருந்தது. கட்டிக்கொண்டிருக்கும்போதே போர் வந்தது. 1941-ல் இத்தாலி அவற்றைத் தனக்கே எடுத்துக்கொண்டது.

பிரதமரைக் கடத்திய கடற்படை

பேட்டரி மட்டும்தான் பிரச்சினை என்றால், வேறு எங்காவது இருந்து புது நீர்மூழ்கி வாங்கியிருக்கலாம். 1950-க்குப் பிறகு தாய்லாந்துக்கு அமெரிக்க ராணுவ உதவி தாராளமாகவே வந்தது. தன்னிடம் மிச்சமிருந்த உலகப்போர்க் காலத்து நீர்மூழ்கிகளை அமெரிக்கா நட்பு நாடுகளுக்குக் கொடுக்கவும் செய்தது. துருக்கிக்குக் கொடுத்தது. பாகிஸ்தானுக்கும் கொடுத்தது, 1971 போரின்போது விசாகப்பட்டினம் அருகே மூழ்கிய காஸி அப்படி வந்ததுதான். தாய்லாந்துக்கு மட்டும் ஏன் வரவில்லை?

1951 ஜூன் 29. ஆம், நீர்மூழ்கிகள் ஊர் வந்து சேர்ந்த அதே தேதி, 13 வருஷம் கழித்து. 'மன்ஹாட்டன்' என்ற தூர்வாரும் கப்பலை அமெரிக்கா தாய்லாந்திடம் ஒப்படைக்கும் விழா. வெளிநாட்டுத் தூதர்கள் பார்த்துக்கொண்டிருக்க, கடற்படை அதிகாரிகள் சிலர் துப்பாக்கியோடு வந்து பிரதமர் பிபுன் சொங்க்ராமைப் பிடித்துக்கொண்டு போனார்கள். 'ஸ்ரீ அயுத்தயா' என்ற போர்க்கப்பலில் அடைத்துவைத்தார்கள். தரைப்படையும் விமானப்படையும் பேச்சுவார்த்தைக்கெல்லாம் காத்திருக்கவில்லை. பிரதமர் உள்ளே இருக்கிறார் என்று தெரிந்தே கப்பல் மீது குண்டு வீசினார்கள். கப்பல் எரிந்தது, பிபுன் ஆற்றில் குதித்து நீந்திக் கரையேறித் தப்பினார். பாங்காக் தெருக்களில் நடந்த சண்டையில் பொதுமக்களும் உயிரிழந்தார்கள்.

அத்தோடு கடற்படையின் சிறகு வெட்டப்பட்டது. மூத்த தளபதிகள் பதவி இழந்தார்கள். கடற்படையின் விமானங்கள் விமானப்படைக்குப் போயின. அதே வருஷம் நவம்பர் 30-ம் தேதி நான்கு நீர்மூழ்கிகளும் சேவையிலிருந்து விலக்கப்பட்டு, பின்னர் பழைய இரும்பாக விற்கப்பட்டன.

நீர்மூழ்கிகள் போனதற்குக் காரணம் பேட்டரியா, கலகமா என்று கேட்டால் இரண்டையும் கலக்கக் கூடாது. கலகம் நடக்காவிட்டாலும் அந்த நான்கு படகுகளும் அதிக நாள் தாக்குப்பிடித்திருக்காது. பேட்டரி அவற்றை ஏற்கெனவே முடித்துவிட்டது. ஆனால் அடுத்த 66 வருஷம் தாய்லாந்து ஒரு நீர்மூழ்கிகூட வாங்காததற்குப் பேட்டரி காரணமில்லை. தலைநகர் ஆற்றின் மேல் இருக்கும் நாட்டில், தன்னையே ஒருமுறை கடத்திய படைக்குத் தண்ணீருக்கடியில் மறைந்துபோகும் ஆயுதத்தை எந்த ஆட்சியாளர் ஆசையாக வாங்கிக்கொடுப்பார்?

சரி, இப்போது என்ன பிரச்சினை?

2017-ல் சீனாவிடம் மூன்று நீர்மூழ்கி வாங்கத் திட்டம். மொத்தம் சுமார் 3,600 கோடி பாட். முதல் கப்பலுக்கு மட்டும் 1,350 கோடி. 'எஸ்26டி' என்று பெயர். கொரோனா காலத்தில் வேலை போய் மக்கள் தவித்துக்கொண்டிருந்தபோது, அடுத்த இரண்டு கப்பலுக்குப் பணம் ஒதுக்கப் பார்த்தது அரசு. கடும் எதிர்ப்பு கிளம்பியதும் அவை தள்ளிவைக்கப்பட்டன. ஒன்றுதான் மிச்சம்.

அந்த ஒன்றிலும் சிக்கல் வந்தது. ஒப்பந்தப்படி ஜெர்மனியின் எம்டியூ நிறுவன டீசல் என்ஜின் பொருத்த வேண்டும். ஆனால் 1989 தியனன்மென் சதுக்கப் படுகொலைக்குப் பிறகு சீனாவுக்கு ஆயுதம் விற்க ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை இருக்கிறது. அந்தத் தடையைக் காட்டி ஜெர்மனி என்ஜினைத் தர மறுத்தது. தடை என்னவோ ஒப்பந்தம் போடும்போதும் இருந்ததுதான். ஜெர்மனியிடம் முதலிலேயே கேட்டிருக்கலாமே என்று தாய்லாந்து எதிர்க்கட்சிகள் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

2023-ல் நீர்மூழ்கியே வேண்டாம், அதற்குப் பதில் ஒரு ஃபிரிகேட் போர்க்கப்பல் கொடுங்கள் என்றுகூடக் கேட்டுப் பார்த்தார்கள். சுற்றிச் சுற்றி, கடைசியில் சீனாவின் 'சிஎச்டி620' என்ஜினுக்கே வந்து நின்றிருக்கிறார்கள். பாகிஸ்தானுக்காகச் சீனா கட்டும் ஹாங்கோர் ரக நீர்மூழ்கிகளிலும் இதே என்ஜின்தான்.

கடற்படை தரப்பு வாதம் எளிமையானது. வியட்நாமிடம் ஆறு, மலேசியாவிடம் இரண்டு, சிங்கப்பூரிடமும் இந்தோனேசியாவிடமும் இருக்கிறது. மியான்மருக்கு 2020-ல் இந்தியாவே தன்னிடம் இருந்த சிந்துவீர் நீர்மூழ்கியைக் கொடுத்தது. எங்களிடம் மட்டும் இல்லை என்பது அவர்கள் புலம்பல்.

எதிர்ப்பவர்கள் கடலைக் காட்டுகிறார்கள். தாய்லாந்து வளைகுடாவின் சராசரி ஆழம் 50 மீட்டரை ஒட்டித்தான். எஸ்26டியின் நீளமோ 78 மீட்டர். வளைகுடாவில் அதை நட்டமாக நிறுத்தினால் பெரும்பாலான இடங்களில் தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். 51 மீட்டர் மச்சானு அந்தக் கடலைப் பார்த்து அளவெடுத்துத் தைத்த சட்டை. எஸ்26டி அப்படி இல்லை. அந்தமான் கடல் பக்கம் ஆழம் இருக்கிறது, அங்கே பயன்படும் என்பது கடற்படையின் பதில்.

ஆனால் ஆழத்தைவிடக் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. 1941-ல் மச்சானுவும் மற்ற மூன்றும் ரோந்து போனதாகச் சொன்னோமே, அந்த ரீம் தளம் இன்று கம்போடியாவில் இருக்கிறது. அதை விரிவாக்கிக் கட்டிக்கொடுத்தது சீனா. 2025 ஏப்ரலில் திறப்பு விழா நடந்தது. அதே வருஷம் ஜூலையில் தாய்லாந்தும் கம்போடியாவும் எல்லையில் ஐந்து நாள் சண்டை போட்டன. சண்டை நின்ற அடுத்த வாரம்தான் நீர்மூழ்கி என்ஜினுக்கு ஒப்புதல் வந்தது.

அதாவது, நாளை தாய்லாந்து நீர்மூழ்கி வளைகுடாவில் முங்கினால் அது கண்வைக்க வேண்டிய முக்கியமான தளம், அந்த நீர்மூழ்கியைக் கட்டிய நாடே கட்டிக்கொடுத்தது. கப்பலும் சீனா, என்ஜினும் சீனா. பேட்டரி மாற்றும் வருஷம் வரும்போது பெய்ஜிங் யார் பக்கம் சாய்ந்திருக்கும் என்பதை 2025-ல் கையெழுத்துப் போட்ட யாராலும் சொல்ல முடியாது. ஜெர்மன் என்ஜின் வந்திருந்தாலாவது பிடி இரண்டு நாடுகளுக்கு இடையே பிரிந்திருக்கும்.

பழைய மச்சானுவின் மேல்கோபுரம் இன்றும் மிஞ்சியிருக்கிறது. படகை உடைத்தபோது அதைத் தனியாக எடுத்துவைத்தார்கள். பாங்காக்குக்குத் தெற்கே சமுத் பிரகானில் உள்ள கடற்படை அருங்காட்சியகத்தின் திறந்தவெளியில் அது நிற்கிறது. சமுத் பிரகானின் பழைய பெயர் பாக்நாம். 1893-ல் அந்த இரண்டு பிரெஞ்சுப் படகுகள் உள்ளே நுழைந்தது இந்த ஊர் வழியாகத்தான்.